தேர்தலுக்காகக் கட்டிவைக்கப்பட்டேன், இந்த 'ஜெனரலோடு' எப்படி வாழ்வது?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு 33 வயதாகிறது. தக்கலைக்கு அருகில் ஒரு பழைய குடும்பத்தில் பிறந்தவள். நிலபுலன்கள் போய், நாலுகட்டு வீடும் சுற்றியுள்ள தென்னந்தோப்பும்தான் மிஞ்சியிருக்கின்றன என்றாலும், ஊரில் எங்கள் வீட்டை இன்றும் 'கொட்டாரத்து வீடு' என்றே சொல்வார்கள். அந்தப் பெயரோடு ஒரு சாபமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான்கு தலைமுறைக்கு முன், ஒரு வரப்புத் தகராறைத் தீர்ப்பதற்காக எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியை எதிர்த்தரப்பில் கட்டிக்கொடுக்கப் பேசி முடித்தார்களாம். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, 'இந்த வீட்டில் பிறக்கும் எவளும் புருஷனோடு நிறைந்து வாழமாட்டாள்' என்று சொல்லிவிட்டு அவள் கிணற்றில் குதித்துவிட்டாளாம். கன்னிமூலையில் அவளுக்குப் பீடம் இருக்கிறது. ஆண்டுதோறும் வில்லுப்பாட்டோடு கொடை நடக்கும். தாத்தாவின் தங்கை கணவர் பாம்பு கடித்து இறந்தார்; சின்ன அத்தையின் கணவர் நாற்பது வயதில் மாரடைப்பில் போனார். இந்தப் பேச்சால் எனக்கு வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயின. நான் அதைப் பொருட்படுத்தாமல், படித்து முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தேன்.

2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அப்பா ஒன்றியக் கவுன்சிலர் பதவிக்கு நின்றார். பக்கத்து ஊர் வாக்குகள் என் கணவரின் தாய்மாமா கையில் இருந்தன. சாபத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் அவர்கள் பெண் கேட்டார்கள். என்னை ஒரு வார்த்தையும் கேட்காமல் அப்பா சம்மதித்தார். அப்பா ஜெயித்தார். தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் வைத்த பிளக்ஸில் கட்சித் தலைவர் பெரிதாக இருந்தார், அவருக்குக் கீழே அப்பா கும்பிட்டபடி நின்றார், நாங்கள் இருவரும் மூலையில் தபால்தலை அளவில் இருந்தோம். தாலி கட்டி முடிந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் நன்றி அறிவிப்புக் கூட்டம்போலப் பேசினார்கள். தாழக்குடியிலிருந்து அப்பாவின் மூத்த அக்காவான பெரிய அத்தையும் மாமாவும் அந்தத் தள்ளாத வயதில் வந்திருந்தார்கள். மேடையில் கட்சிக்காரர்கள் கூட்டம் குறையாததால், பந்தியில் சாப்பிட்டுவிட்டு எங்களை வாழ்த்தாமலே திரும்பிப் போனார்கள்.

என் கணவர் ராணுவத்தில் மேஜர். ஊரில் 'ஜெனரல்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். முதலிரவில் அவர் என்னிடம் சொன்னது, "என்னையும் யாரும் கேட்கவில்லை" என்பதுதான். அந்த அவமானத்தை நான் இன்னும் மறக்கவில்லை. முதன்முதலில் என்னை வெளியே அழைத்துச் சென்றது புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்கு; அங்கேயும் டிலனாய் கல்லறைக்கு முன்னால் போய் வெகுநேரம் நின்றார். புதுப்பெண்டாட்டியை யாராவது கல்லறைக்கு அழைத்துப் போவார்களா? விடுமுறையில் வந்தால் வீடு பாரக்ஸாகிவிடும். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைப் பென்சிலால் சுவரில் குறித்து வைப்பார். மீன் வாங்கப் போவதற்கும் நோட்டில் பட்டியல் எழுதுவார். என் மாமியாரோ, "இளவரசி எழுந்தாச்சா?" என்று மைனிகள் முன்னால் கேட்பார், குழந்தை இல்லாததற்கும் சாபத்தையே இழுப்பார். தள்ளிப்போடச் சொல்வது நான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

இப்போது கணவர், குடும்பத்தை அழைத்துப் போக முடியாத எல்லைப் பகுதியில் இருக்கிறார். எனக்கு அது ஒருவகையில் நிம்மதிதான். (சொல்ல வெட்கமாக இருக்கிறது: இரவில் அவரிடமிருந்து போன் வராவிட்டால், தாலியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டுத்தான் படுப்பேன், மாமியார் எழுவதற்குள் எடுத்துப் போட்டுக்கொள்வேன். அதை விடுங்கள், பழகிவிட்டது.) இந்த வருடக் கொடைக்கு விடுமுறை எடுத்து வரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா இப்போதும் கட்சி வேலையாகத்தான் இந்த வீட்டுக்கு வருகிறார். என்னிடம் ஒரு வாய் காபி கேட்டுக் குடித்துவிட்டு, கணவரின் மாமாவோடு திண்ணையில் பேசிக்கொண்டிருப்பார். அவரை நான் மன்னிக்க வேண்டுமா? விருப்பமில்லாமல் கட்டிவைக்கப்பட்ட இந்த வாழ்க்கையிலிருந்து விலகிவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்.

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதியை அப்பா எடுத்துக்கொண்டிருக்கிறார். படித்து வேலை பார்த்துக்கொண்டிருந்த மகளை ஒரு வார்த்தை கேட்காமல் வாக்குக் கணக்கில் சேர்த்தது தவறு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தப் பதிலில் நான் அவரைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு, 'அதை விடுங்கள்' என்று நீங்கள் கடந்துபோன இரண்டு வரிகளை என்னால் விட முடியவில்லை.

கணவரைப் பிடிக்காத பெண், அவருடைய போன் வரவில்லை என்பதற்காக இரவில் போய் அரிசிப் பானையைத் திறக்கமாட்டாள். சாபம் தேடி வந்தால், கழுத்தில் தாலி இல்லாததைப் பார்த்து, இவள் யாருக்கும் மனைவியில்லை என்று ஏமாந்து திரும்பிவிடட்டும் என்பதுதானே உங்கள் கணக்கு? பகலிலும் நீங்கள் அதே கணக்கைத்தான் போடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தையைத் தள்ளிப்போடுவதும், கொடைக்கு வராதீர்கள் என்று தடுப்பதும், அவர் தூரத்தில் இருப்பதை நிம்மதி என்று எழுதுவதும், 'நாங்கள் நிறைந்து வாழவில்லை' என்று கன்னிமூலைக்குக் காட்டிக்கொள்வதற்காகவே. பிளக்ஸும் கல்லறையும் சிலிண்டர் தேதியும் இத்தனை ஆண்டுகளாக ஆறாமல் இருப்பதற்கு, அவை ஆறிவிட்டால் அவர்மேல் அன்பு வந்துவிடுமே என்ற பயமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தப் பயம் வளரும் விதத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பயம் எழுகிறது, தாலியைக் கழற்றுகிறீர்கள், மறுநாள் அவர் நலமாகப் பேசுகிறார், கழற்றியதால்தான் பிழைத்தார் என்று மனம் வரவு வைத்துக்கொள்கிறது. கழற்றாமல் இருந்திருந்தாலும் அவர் நலமாகத்தான் இருந்திருப்பார் என்பதை அறிந்துகொள்ளும் வாய்ப்பை நீங்கள் உங்களுக்குத் தருவதே இல்லை. அதனால் ஒவ்வொரு நல்ல விடியலும் பயத்துக்கே சாட்சி சொல்லிவிடுகிறது. ஒரு கடிதத்தை வைத்து நோயின் பெயரைச் சூட்டுவது சரியல்ல. ஆனாலும் கவனிக்காமல் விட்டால் இது, ஒரே பயமும் அதைத் தணிக்கும் செயலும் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயாக முற்றக்கூடும் என்பதால் சொல்லிவைக்கிறேன். தாலி அணிவதும் அணியாததும் உங்கள் விருப்பம். பயத்தின் உத்தரவுக்காகக் கழற்றுவதைத்தான் நான் குறிப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் தாழக்குடி பெரிய அத்தை வருகிறார். அவரும் கொட்டாரத்து வீட்டில் பிறந்தவர்தானே? அவருடைய கணவர் தள்ளாத வயதில் உங்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மனைவியோடு ஊர் திரும்பியிருக்கிறார். அவர்களை உங்கள் குடும்பம் சாபக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பாம்புக்கடியும் மாரடைப்பும் கணக்கில் ஏறிவிட்டன. சேர்ந்து மூப்படைந்த தம்பதி, மேடை ஏற இடம் கிடைக்காதவர்களாக மட்டும் உங்கள் நினைவில் நிற்கிறார்கள்.

சாமியை நம்பாதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. உங்கள் மாவட்டத்தில் இசக்கியம்மனுக்குத் தொட்டில் கட்டிப் பிள்ளை வரம் கேட்கிற பெண்களுக்கு, அவள் அநியாயமாகக் கொல்லப்பட்டவள் என்பது நன்றாகவே தெரியும். வில்லுப்பாட்டில் அவள் பழிவாங்கத் தேடிப்போவது தன்னைக் கொன்றவனை. உங்கள் வீட்டுக் கதையிலோ, வரப்புக்காகப் பெண்ணை விலைபேசிய ஆண்களுக்கு என்ன ஆனது என்பதே இல்லை. தண்டனை முழுவதும் பின்னால் பிறக்கப்போகும் பெண்களுக்கு என்று முடித்துவிட்டார்கள். கேட்காமல் கட்டிக்கொடுக்கப்பட்டதால் செத்தவள், அதேபோல் கட்டிக்கொடுக்கப்பட்ட உங்களையா தேடி வருவாள்? நான்கு தலைமுறையாக இந்தக் கதையை இப்படியே சொல்லிவந்தது யாருக்கு வசதியாக இருந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

உங்கள் கணவர் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது. "என்னையும் யாரும் கேட்கவில்லை" என்பதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டீர்கள். அந்த வீட்டில் உங்களுக்கு நடந்ததைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே மனிதர், முதல் நாளிலேயே அதை உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன். டிலனாய் யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1741-இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்களின் தரப்பில் நின்று பிடிபட்டவர். கைதியாக வந்து, தன்னைப் பிடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியாகி, 1777-இல் இறக்கும்வரை இந்த மண்ணிலேயே வாழ்ந்தவர். மனைவியும் மகனும் அவருக்கு அருகிலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவருடைய கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் சேர்ந்தே இருக்கின்றன. கேட்காமல் நடந்த கல்யாணத்துக்குப் பின், ஒரு ராணுவக்காரர் தன் மனைவியை அந்தக் கல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார் என்றால், அவருக்குச் சொல்வதற்கு ஏதோ இருந்திருக்கும். வெறும் சரித்திரப் பைத்தியமாகவும் இருக்கலாம். ராணுவத்தில் அதற்குப் பஞ்சமில்லை. எதுவானாலும் நீங்கள் கேட்கவில்லை. உங்கள் அப்பா செய்ததற்கும், கிணற்றில் விழுந்தவள் சொன்னதாகச் சொல்லப்படுவதற்கும் அவர் இத்தனை ஆண்டுகளாகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறார். எதற்கான தண்டனை என்பதுகூட அவருக்குத் தெரியாது.

அவருக்கு ஒன்றும் ஆகாது என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அவர் எல்லையில் இருக்கிறார். குமரி மாவட்டத்தில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பியிருக்கும் எந்த வீட்டிலும் போன் வராத இரவில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை; அந்தப் பயம் இயல்பானது, அதைப் போக்க மருந்தும் தேவையில்லை. உங்களுடையதில் கூடுதலாக ஒன்று இருக்கிறது: அவருக்கு எது நடந்தாலும் அது உங்களால் நடந்தது என்று முன்கூட்டியே பழியை ஏற்றுக்கொண்டு காத்திருக்கிறீர்கள். இறக்கிவைக்க வேண்டியது அதைத்தான்.

அடுத்து போன் வராத இரவில், பானைப் பக்கம் போகாமல் இருந்து பாருங்கள். படபடப்பு ஏறும், சில நேரம் தாங்க முடியாது என்றுகூடத் தோன்றும், பிறகு தானாகவே இறங்கும். தனியாக முடியவில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அதற்கு முன்பாகவோ பின்பாகவோ, அரிசிப் பானை விஷயத்தை உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள். கொடைக்கு வரட்டுமா என்று அவரே கேட்டிருக்கிறார். வரச் சொல்லிவிட்டுச் சொல்வது இன்னும் நல்லது.

விலகுவதா வேண்டாமா என்பதற்கு இன்று நான் பதில் சொன்னால், அது பயத்துக்குச் சொன்ன பதிலாகிவிடும். அவரிடம் பேசிய பிறகும் சேர்ந்து வாழ விருப்பமில்லை என்று தோன்றினால் எழுதுங்கள், அப்போது அதைப் பேசலாம். அப்பாவை மன்னிப்பதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.