ஊழியர்களிடம் ஆரோக்கியப் பழக்கங்களை வளர்க்க அலுவலகம் என்ன செய்யலாம்?

போஸ்டர் ஒட்டுவது, போட்டி வைப்பது, யோகா வகுப்பு நடத்துவது என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில், சுமார் 33,000 ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2019-ல் முடிவு வந்தது. மற்ற கிளைகளை விட, ஆரோக்கியத் திட்டம் இருந்த கிளைகளில் உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் அதிகம், ஆனால் ஒன்றரை வருடம் கழித்தும் ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

அதனால் ஆட்களுக்குப் பாடம் எடுப்பதை விட வேலை நடக்கும் விதத்தை மாற்றுங்கள் என்பேன். மதியம் ஒரு மணிக்கு மீட்டிங் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று மெயில் அனுப்பினால் யார் கேட்பார்கள்? ஒரு மணி நேர மீட்டிங்கை 50 நிமிடத்தில் முடித்தாலே, எழுந்து நாலடி நடக்க, தண்ணீர் குடிக்க, கண்ணைத் திரையிலிருந்து எடுக்க நேரம் கிடைத்துவிடும். இரவு பத்து மணிக்கு வேலை மெசேஜ் போவதை நிறுத்தினால் தூக்கமும் கொஞ்சம் சரியாகும்.

அப்புறம் மேனேஜர். அவர் மேசையிலேயே சாப்பிட்டுக்கொண்டு டைப் அடித்தால் மற்றவர்களும் அதைத்தான் செய்வார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு, குறைந்தபட்சம். இருவர் மட்டும் பேசும் மீட்டிங்கை நடந்துகொண்டே பேசினால் அதில் ஒரு பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒன்று மட்டும் வேண்டாம்: எடை குறைப்புப் போட்டி. யார் எத்தனை கிலோ என்று பலகையில் எழுதுவது ஆரோக்கியம் இல்லை, அவமானம்.