ஈயம் உருக்க எந்தச் சட்டி, எந்த அடுப்பு?

கேள்வி: ஐயா, நான் வாவியில் வீச்சு வலை போடுகிறவன். ஈயக்குண்டு கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. பழைய வலைகளில் கழற்றியதும் ஈயக் குழாய்த் துண்டுகளுமாக 8 கிலோ வரை சேர்த்து வைத்திருக்கிறேன். நானே உருக்கி வார்க்கலாம் என்று யோசனை. வீட்டில் பாவிக்காத அலுமினியச் சட்டி ஒன்று கிடக்கிறது. அது போதுமா? விறகா, காஸா, சிரட்டைக்கரியா நல்லது?
— ஒரு வாசகர், கோட்டைக்கல்லாறு

பதில்: தம்பி, முதலில் அந்த அலுமினியச் சட்டியை எடுத்து அப்பால் வையுங்கள்.

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், அலுமினியம் உருக 660 பாகை வேண்டும், பிறகென்ன பயம் என்றுதான் நானும் ஒரு காலம் நினைத்தேன். கணக்கில் பிழையில்லை. ஆனால் அலுமினியம் உருகுவதற்கு வெகு முன்பே பலம் இழந்து இளகிவிடும். உள்ளே ஈயத்தின் பாரம், கீழே ஊதி எரிக்கிற கரி. கரி நெருப்பை ஊதினால் 660 பாகையைத் தாண்டுவது பெரிய காரியமே இல்லை.

எனக்கு 27 வயது இருக்கும்போது நாவலடியில் எங்கள் வளவுக்குள் அப்படித்தான் ஒரு சட்டியை வைத்தேன். சிரட்டைக்கரி அடுப்பு, பக்கத்தில் துருத்தி. ஈயம் நன்றாக இளகி வந்த நேரம் சட்டியின் அடி தொங்கி ஒரு பக்கமாக விட்டுக்கொண்டது. முதல் நாள் இரவு மழை. அடுப்புக்குக் கீழே மணல் மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம். ஈயம் அதில் இறங்கியதும் வெடி போட்டது போல ஒரு சத்தம். இடது கையில், முழங்கைக்குக் கீழே, அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. என் தங்கச்சி அப்போதுதான் கிணற்றடிக்குப் போயிருந்தாள். இரண்டு நிமிடம் முந்தி என்றால் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருப்பாள். அதை நினைத்தால் எனக்கு இப்பவும் நெஞ்சு பதறும். தண்ணீர் ஆவியானால் 1600 மடங்கு அளவுக்கு விரியும். ஈயத்துக்குக் கீழே அகப்பட்ட ஒரு சொட்டு போதும், மேலே உள்ள அத்தனையையும் தூக்கி எறிய.

சரி, எந்தச் சட்டி? இரும்புதான். ஆனால் அளவை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் ஈயம் 11 கிலோவுக்கு மேல் நிறுக்கும். உங்கள் 8 கிலோ முக்கால் லீற்றர்கூட வராது. பெரிய பாத்திரம் தேடி அலையத் தேவையில்லை. ஒன்றரை, இரண்டு லீற்றர் கொள்கிற சட்டியில் பாதிக்குக் கீழே ஈயம் நிற்க வேண்டும், அதுதான் அளவு. அடி அகலமாக, தட்டையாக இருக்க வேண்டும்.

வார்ப்பிரும்புத் தாச்சி நல்லது, சூட்டை ஒரே சீராக வைத்திருக்கும். ஆனால் வட்ட அடி அடுப்பில் ஆடும், கீழே விழுந்தால் வெடிக்கும். ஒரு முறை விரலால் தட்டிப் பாருங்கள். மணி மாதிரிக் கேட்காமல் செத்த சத்தம் வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது, அதை விடுங்கள். என்னுடைய விருப்பம், வெல்டிங் கடையில் 6 அங்குல இரும்புக் குழாயில் அரைச் சாண் வெட்டி, அடிக்கு 6 மில்லிமீற்றர் தகடு ஒட்டி வாங்குவது. இரண்டு பக்கமும் கைபிடிக்கு இரும்புக் கம்பி. நாகம் (சிங்க்) பூசிய வெள்ளைக் குழாய் வேண்டவே வேண்டாம், நாகப் புகை மூச்சுக்கு நஞ்சு. எவர்சில்வர் சட்டி அவசரத்துக்குச் சரிதான், ஆனால் மெல்லிய தகடு நெளியும், ஆணி அடித்த கைபிடியை நம்பக் கூடாது. மண்சட்டி சூட்டில் வெடிக்கும்.

வெல்டிங் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. வெளியே ஒட்டின இடமெல்லாம் சோக்குக் கட்டியால் வெள்ளையாகப் பூசுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் ஒள்ளுப்பம் ஊற்றி ஒரு இரவு வையுங்கள். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் காலையில் வெள்ளையில் நனைந்த புள்ளி தெரியும். தெரியவில்லை என்றால் துடைத்து, வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியை ஒரு தடவை நெருப்பில் நன்றாகச் சுட்டெடுங்கள். மறுகா அது ஈயச் சட்டி. இனி அதில் சோறும் இல்லை, கறியும் இல்லை.

அடுப்புக்கு வருவோம். ஈயத்துக்குப் பெரிய நெருப்பு தேவை என்று நினைக்கிறவர்கள் அதிகம். 5 கிலோ ஈயத்தை உருக்குவதற்குப் போகிற சூடு, ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். தேநீருக்குத் தண்ணீர் வைக்கிற நெருப்பு போதும், ஆனால் அதைக் கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும். அதனால் நான் காஸ் பக்கம்தான். ஒற்றை அடுப்பு, தடித்த இரும்புக் கால்கள், பாரம் தாங்குகிற மேல் தாங்கி. 10 கிலோ கல்லை வைத்து அசைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சிலிண்டர் அடுப்புக்குத் தள்ளி, காற்று வருகிற பக்கம் நிற்கட்டும். சுவாலை ஆடாமல் இருக்க அடுப்புக்கு மறைப்பு வைக்கலாம், சிலிண்டரையும் சேர்த்து மூடிவிடாதீர்கள்.

பம்ப் அடிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பு வேண்டாம். எண்ணெய்த் தாங்கி நெருப்புக்கு நேர் கீழே இருக்கிறது, மேலே பாரம் வைத்தால் முழுவதும் ஆடும். விறகில் எங்கள் அப்பாமார் எல்லோரும் வார்த்தார்கள். ஆனால் விறகைத் திருகிக் குறைக்க முடியாது. சிரட்டைக்கரி அதைவிட மோசம், ஊதினால் சட்டியின் அடி சிவந்துவிடும். அடி சிவந்தால் நீங்கள் தேவையைவிட வெகுதூரம் போய்விட்டீர்கள். வார்க்க 350 முதல் 400 பாகை போதும். சூடு கூடக் கூட ஈயப் புகையும் கூடும், அது கண்ணுக்குத் தெரியாது. மேலே உள்ள ஏட்டை ஒதுக்கிப் பாருங்கள். ஈயம் கண்ணாடி போல வெள்ளையாக நின்றால் சரி. உடனுக்குடன் மஞ்சளும் நீலமும் ஊதாவுமாகப் படர்ந்தால் நெருப்பைக் குறையுங்கள்.

துண்டுகளைக் குளிர்ந்த சட்டியிலேயே போட்டு, சட்டியோடு சேர்த்துச் சூடாக்குங்கள். வலையில் கழற்றிய குண்டில் உப்புத் தண்ணீர் ஒளிந்திருக்கும், அவற்றை இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டே எடுங்கள். குழாய் நசுங்கி மூடியிருந்தால் பிளந்து திறந்துவிடுங்கள். உருகிய ஈயத்துக்குள் புதுத் துண்டு போடவே வேண்டாம். அகப்பையையும் அச்சையும் சுட வைத்த பின்தான் ஈயம் அவற்றில் பட வேண்டும். சப்பாத்து, நீளக் காற்சட்டை, கண்ணாடி, தோல் கையுறை. சாரத்தோடு நிற்காதீர்கள். அடுப்புக்குக் கீழே ஒரு இரும்புத் தட்டில் காய்ந்த மணல். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலை வெள்ளென வார்த்து முடித்துவிடுங்கள், பகலில் காற்று எந்தப் பக்கம் புகையைத் திருப்பும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: என் கணவர் மழைக்காலத்தில் குசினிக்குள்ளேயே ஈயம் உருக்குகிறார். கதவு திறந்திருக்கிறது, பயமில்லை என்கிறார். எங்களுக்கு மூன்று வயதில் பிள்ளை இருக்கிறது.
— ஒரு வாசகி, பொத்துவில்

பதில்: தங்கச்சி, பயப்பட வேண்டும். கதவு திறந்திருப்பது போதாது. பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்வது. தவழ்கிற, கையை வாயில் வைக்கிற பிள்ளைக்குள் ஈயத் தூசி சுலபமாகப் போகும். அது மூளை வளர்ச்சியைத்தான் பிடிக்கும். வயிற்றில் பிள்ளை இருந்தால் அதையும் விடாது.

இன்றைக்கே அந்த வேலையைக் குசினியை விட்டு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மழை என்றால் அன்று வார்ப்பு இல்லை. தரையையும் மேசையையும் ஈரத் துணியால் துடையுங்கள், விளக்குமாற்றால் கூட்டினால் தூசி எழும்பும். ஈயம் உருக்கிய சட்டி சமையலுக்குத் திரும்பியிருந்தால், எவ்வளவு தேய்த்தாலும் அதை வைத்திருக்க வேண்டாம். கணவர் உடுப்பைப் புறம்பாகத் துவையுங்கள், கை கழுவாமல் பிள்ளையைத் தூக்க விடாதீர்கள். பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், வீட்டில் ஈயம் உருக்கியது என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லி, இரத்தத்தில் ஈயம் பார்க்கக் கேளுங்கள். பிள்ளை நன்றாக ஓடி விளையாடினாலும் கேளுங்கள்.

அவர் பழைய பற்றரி உடைத்து ஈயம் எடுக்கிறாரா என்றும் பாருங்கள். அந்த ஈயம் அமிலத்தில் ஊறியது, தூசியும் கூட. அதை வீட்டில் எங்கேயும், வெளியேகூட, உருக்க வேண்டாம். பற்றரியை உடைக்காமல் முழுசாகவே பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.