நெஞ்சு குத்துது என்று பிள்ளை சொன்னால்: பெற்றோர் கேள்விகள்

கேள்வி: 10 வயது மகன் டிவி பார்த்துக்கொண்டே இருப்பான். திடீரென்று இடது மார்பில் 'சுருக்'கென்று குத்துகிறது என்பான். மூச்சை இழுக்கவே பயப்படுகிறான். ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது. மாரடைப்பாக இருக்குமோ?

பதில்: பயப்படாதீர்கள். பள்ளிப் பருவத்தில் அடிக்கடி வரும் குத்தல் இது; இதயத்தில் கோளாறு இல்லை. வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் காட்டுவான். சும்மா இருக்கும்போது, அதிலும் கூன் போட்டு உட்கார்ந்திருக்கும்போது வரும். நிமிரச் சொல்லுங்கள், ஒருமுறை ஆழமாக மூச்சிழுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். மருந்து வேண்டாம். முதல் தடவை என்றால் மட்டும் மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிடட்டும்.

கேள்வி: மகளுக்கு நெஞ்செலும்பின் ஓரத்தில் தொட்டாலே வலி. காய்ச்சல் இல்லை. எடை 30 கிலோ.

பதில்: விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் குருத்தெலும்பில் அழற்சி இருக்கலாம். பலமான இருமல், கனமான புத்தகப் பை, புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி எல்லாமே காரணமாகும். பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், இவளுக்கு 450. ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. சிரப் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்: 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருந்தால் 9 மில்லி. 120 உள்ள பாட்டிலும் கடையில் உண்டு. குழப்பம் அங்கேதான் வருகிறது. ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஒரு வாரத்தில் குறையாவிட்டால் காட்டுங்கள்.

கேள்வி: கபடி ஆடும்போது மட்டும் நெஞ்சை அடைக்கிறது என்கிறான். உட்கார்ந்தால் சரியாகிறது. கேஸ் டிரபிள் என்கிறார்கள்.

பதில்: சோடா கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். ஓடியாடும்போது வரும் வலியை நாங்கள் ஒருபோதும் லேசாக எடுப்பதில்லை. பல பிள்ளைகளுக்கு இது ஆஸ்துமாவாகவே இருக்கும்; ஓட்டத்தின்போதோ முடிந்தவுடனோ இருமலும் இழுப்பும் வரும். ஆனால் அதை வீட்டில் முடிவு செய்ய முடியாது. மருத்துவர் பார்க்கும்வரை விளையாட்டை நிறுத்துங்கள். விளையாடும்போது மயங்கி விழுந்ததுண்டா, வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்தார்களா, சிறுவயதில் கவாசாகி நோய் (காய்ச்சலோடு வந்து இதய ரத்தக்குழாயையும் பாதிக்கக்கூடிய நோய்) வந்ததா என்பதையெல்லாம் சொல்லுங்கள். ஈசிஜி சரியாக இருந்தாலும் மருத்துவர் எக்கோ (இதய ஸ்கேன்) கேட்கலாம். இதய ரத்தக்குழாய் பிறவியிலேயே இடம் மாறியிருந்தால் ஈசிஜியில் தெரியாமல் போகக்கூடும்.

கேள்வி: எந்த நிலையில் 108-ஐ அழைக்க வேண்டும்?

பதில்: உதடு நீலம், மூச்சுத் திணறல், மயக்கம், சும்மா இருக்கும்போதே அடங்காத படபடப்பு. சளிக்காய்ச்சலுக்குப் பின் ஓரிரு வாரத்தில் நெஞ்சுவலியோடு பிள்ளை துவண்டு கிடந்தாலும் தாமதம் கூடாது. இதயத் தசையில் அழற்சி இருக்கலாம்.

கேள்வி: 3 வயதுக் குழந்தை நெஞ்சைக் காட்டி அழுகிறாள், எச்சில் வடிகிறது. ரிமோட்டில் வட்ட பேட்டரியைக் காணோம்.

பதில்: இப்போதே கிளம்புங்கள். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சோறும் வாழைப்பழமும் திணிக்காதீர்கள். விழுங்க முடிந்தால், போகும் வழியில் 10 நிமிஷத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன், அதிகபட்சம் ஆறு தடவை (ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது). எக்ஸ்ரே எடுப்பவரிடம் 'பேட்டரி' என்று சொல்லிவிடுங்கள். படத்தில் அது காசு போலத் தெரியும், விளிம்பில் இரட்டை வளையம் இருக்கிறதா என்று அவர் உற்றுப் பார்க்க வேண்டும்.