பக்கம் தானாக ஓடுகிறதா? டச்பேடை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: ஒன்பது மாதங்களுக்கு முன் விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்று வாங்கினேன். கொஞ்ச நாளாக, பிரௌசரில் எதைப் படித்தாலும் பக்கம் தானாகக் கீழே ஓடுகிறது. வலது ஓரத்து ஸ்க்ரோல் பாரைப் பிடித்து மேலே இழுத்தால், கையை எடுத்ததும் மறுபடி இறங்கிவிடுகிறது. அருகில் உள்ள சர்வீஸ் கடையில் காட்டியதற்கு, டச்பேட் போய்விட்டது, மாற்ற 4,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: இப்போது வேண்டாம். லேப்டாப்பைத் திறக்கவும் விடாதீர்கள். பெரும்பாலான லேப்டாப்களுக்கு ஒரு வருட வாரண்டி உண்டு; உங்களுக்கு அது இன்னும் முடிந்திருக்காது. வெளிக்கடையில் பிரித்துவிட்டால், கம்பெனி சர்வீஸ் சென்டர் அதையே சாக்காகச் சொல்லிக் கையை விரிக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

பக்கம் தானாக ஓட டச்பேட் ஒன்றுதான் காரணம் என்றில்லை. மௌஸ், கீபோர்டு, பிரௌசர், சில நேரம் சார்ஜர்கூட இந்த வேலையைச் செய்யும். எது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

நோட்பேடைத் திறந்து, நீளமான கட்டுரை ஒன்றை அதில் பேஸ்ட் செய்யுங்கள். நடுவில் ஒரு வரியில் கர்சரை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அவசரப்படாமல் கொஞ்ச நேரம் பாருங்கள், ஏனென்றால் இந்தக் கோளாறு விட்டுவிட்டுத்தான் வரும். நோட்பேட் அசையவே இல்லை, பிரௌசர் மட்டும் ஓடுகிறது என்றால் லேப்டாப்பில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே பக்கத்தைத் திறங்கள். நீங்களாக அனுமதி தந்திருந்தால் ஒழிய, எக்ஸ்டென்ஷன்கள் (பிரௌசரோடு நாம் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன நிரல்கள்) அங்கே இயங்காது. அங்கே சரியாக இருந்தால், எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து எது குற்றவாளி என்று பிடித்துவிடலாம். செலவே இல்லை.

நோட்பேடிலும் ஓடுகிறதா? அப்போது கர்சரைத்தான் கவனிக்க வேண்டும். கர்சரும் வரிவரியாகக் கீழே இறங்கினால், கீபோர்டில் கீழ் அம்புக்குறி விசை அழுந்திக் கிடக்கிறது. திரை திரையாகத் தாவினால் பேஜ் டவுன். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விழுந்துகொண்டே போனால் ஸ்பேஸ் பார். பிரௌசரில் அது பக்கத்தை ஒரு திரை அளவு கீழே தள்ளும். கர்சர் வைத்த வரியிலேயே நிற்க, பக்கம் மட்டும் நகர்ந்தால்தான் மௌஸ் சக்கரத்தின் மீதோ டச்பேட் மீதோ சந்தேகப்பட வேண்டும்.

வயர்லெஸ் மௌஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மௌஸ் பைக்குள் இருக்கும், அதன் சின்ன ரிசீவர் லேப்டாப்பிலேயே செருகியிருக்கும். பைக்குள் ஏதாவது பட்டுச் சக்கரம் உருண்டால் இங்கே பக்கம் ஓடும். ரிசீவரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்புறம் செட்டிங்ஸில் ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் டச்பேட் போய் அதை ஆஃப் செய்யுங்கள். டச்பேட் ஆஃப், மௌஸும் இல்லை, அப்போதும் ஓடுகிறது என்றால் டச்பேடை மாற்றி என்ன பயன்? 4,500 ரூபாய் வீண்தான்.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் வருகிறதா என்றும் பாருங்கள். எர்த் சரியில்லாத பிளக்கிலோ மலிவான மாற்றுச் சார்ஜரிலோ டச்பேட் தடுமாறும். வேறு பிளக், கம்பெனி சார்ஜர் இரண்டையும் வைத்து ஒருமுறை சோதியுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்கக் கூடாது. லேப்டாப்பை மூடி, பக்கவாட்டில் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். டச்பேட் சற்று மேலே எழும்பியிருக்கிறதா, அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா? அப்படியானால் உள்ளே பேட்டரி வீங்கி, டச்பேடைக் கீழிருந்து தள்ளுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். சார்ஜ் போடாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், ஷட் டவுன் செய்து நேராகக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். வீங்கிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. பேட்டரியை விட்டுவிட்டு டச்பேடை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

டச்பேட்தான் காரணம் என்று உறுதியானால், கோளாறு நடக்கும்போதே போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பில்லோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், நீங்கள் சொல்லும் குறையை, லேப்டாப்பைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் ஜாப் ஷீட்டில் அப்படியே எழுதச் சொல்லி வாங்குங்கள். வாரண்டியில் வராது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தரலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. பிரௌசரில் ஸ்க்ரோல் பார் நூல் மாதிரி இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் மறைந்தும் விடுகிறது. சிரமப்பட்டுப் பிடித்து இழுத்தாலும் பழைய இடத்துக்கே குதித்துவிடுகிறதாம். பெரிய மானிட்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: மானிட்டர் வாங்க வேண்டாம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று போனால் 'ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ்' என்று இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். 2022 மே மாதம் வந்த 100ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் இந்த அமைப்பைப் பின்பற்றுகிறது. மேக் வைத்திருந்தால் சிஸ்டம் செட்டிங்ஸில் அப்பியரன்ஸ் பகுதியில் ஸ்க்ரோல் பாருக்கு 'ஆல்வேஸ்' என்று வையுங்கள். சில தளங்கள் தாங்களே பாரை மெலிதாக வடிவமைத்திருப்பார்கள். அங்கே இது பலிக்காது. வயதானவர்களை நினைத்துப் பார்க்காத வடிவமைப்பு அது, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

குதிப்பது கோளாறு அல்ல. விண்டோஸில் பாரைப் பிடித்து இழுக்கும்போது மௌஸ் அம்பு பக்கவாட்டில் ரொம்ப விலகிவிட்டால், பக்கம் இழுக்கத் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். கை லேசாக நடுங்குபவர்களுக்கு இது பெரிய தொல்லை. பட்டனை விடாமல் அம்பை மீண்டும் பார் அருகே கொண்டுவந்தால் விட்ட இடம் திரும்பக் கிடைக்கும். அதைவிட, இழுக்காமலே படிக்க ஸ்பேஸ் பாரைப் பழக்கிக் கொடுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு திரை இறங்கும், ஷிஃப்டோடு தட்டினால் மேலே ஏறும்.

கேள்வி: ஒரே ஒரு செய்தித் தளத்தில் மட்டும் ஸ்க்ரோல் பாரே இல்லை, பக்கமும் நகரவில்லை. புது மௌஸ் மாற்றியும் அதேதான்.

பதில்: மௌஸ் பில் இருந்தால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். குக்கீ அனுமதியோ சந்தாவோ கேட்கும் பெட்டி திறந்திருக்கும்போது, தளங்கள் பின்னால் உள்ள பக்கத்தைப் பூட்டி வைப்பது வழக்கம். உங்கள் விளம்பரத் தடுப்பான் அந்தப் பெட்டியை மட்டும் மறைத்துவிட்டுப் பூட்டை அப்படியே விட்டிருக்கலாம். அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை அணைத்து, பக்கத்தை ரீலோட் செய்து, வரும் பெட்டிக்குப் பதில் சொல்லிவிட்டுப் பாருங்கள்.