ஜப்பானின் வாஷி காகிதம் என்றால் என்ன? அந்தக் கலையைக் காப்பாற்றுவது ஏன் கடினம்?

வாஷி என்பது ஜப்பானியர் கையால் செய்யும் காகிதம். பெரும்பாலும் கோசோ என்ற, மல்பெரி குடும்பச் செடியின் உட்பட்டை நாரில் செய்வார்கள். சாதாரணக் காகிதத்தின் மரக்கூழ் நார் 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளம்; கோசோ நார் சுமார் 10 மில்லிமீட்டர். நீளமான நார்கள் பின்னிக்கொள்வதால், வெளிச்சம் ஊடுருவும் அளவு மெல்லிய தாள்கூட எளிதில் கிழியாது.

சூட்சுமம் 'நெரி'யில் இருக்கிறது. டொரொரோ அஓய் என்ற செடியின் வேரை நசுக்கி ஊறவைத்து எடுக்கும் கொழகொழ நீர் அது. அந்தச் செடி வெண்டைக்கு நெருங்கிய சொந்தம். நறுக்கிய வெண்டைக்காயைத் தண்ணீரில் போட்டால் நூல் நூலாக இழுக்குமே, அதே வழவழப்புதான். நெரி கலந்த தொட்டியில் நார்கள் கட்டிதட்டாமல் மிதக்கும். அதில் முக்கி எடுக்கும் மூங்கில் தட்டியில் தண்ணீர் மெதுவாக வடியும். அதற்குள் தட்டியை முன்னும் பின்னும் ஆட்டி, அடுக்கடுக்காகத் தாள் எடுக்க வேண்டும். நெரி குறைந்தால் தாள் திட்டுத்திட்டாக வரும். வெப்பத்தில் அதன் பிசுபிசுப்பு சீக்கிரம் போய்விடும் என்பதால் குளிர்காலமே நல்ல பருவம்.

2014இல் யுனெஸ்கோ இக்கலையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது மிக நல்ல காரியம். ஆனால் காகிதம் எடுப்பவருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாது. கோசோவும் டொரொரோ அஓயும் பயிரிடுபவர், தட்டி பின்னுபவர், இவர்களில் ஒருவர் விட்டுப்போனாலும் வேலை நின்றுவிடும்.

வாஷியை 'அரிசித் தாள்' என்று பலர் சொல்வது தவறு. அது அரிசியில் செய்வதல்ல, பட்டை நாரில் செய்வது.