மூன்றே நாளில் வலி போக்கும் சூரணம்: முதலில் பொட்டலத்தை எடுத்து வையுங்கள்

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். வயது 61, சர்க்கரை நோய் 14 ஆண்டுகளாக. இடுப்பில் தொடங்கி இடது பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கும் வலி. இரவானால் இரண்டு பாதங்களிலும் எரிச்சல். ஸ்கேனில் ஜவ்வு விலகியிருப்பதாகச் சொன்னார்களாம். மதுரையில் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்து தருவதாக ஒருவர் வீட்டுக்கே வந்து போகிறார். இதற்கிடையில் இரண்டு மாதமாக ஒரு மூட்டுவலிச் சூரணம். மூன்றே நாளில் வலி விட்டது, இப்போது வெறும் வயிற்றில் சர்க்கரை 290. ஆபரேஷன் தேவையா, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா என்பது கேள்வி.

ஆச்சி, சூரணத்திலிருந்து தொடங்குகிறேன். வேரும் பட்டையும் மட்டும் மூன்று நாளில் நரம்பு வலியை நிறுத்திவிடாது. இப்படி விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் அரைத்துக் கலப்பது பழைய வித்தை. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். கோபத்தில் இன்றே குப்பையில் போட்டுவிடாதீர்கள். இரண்டு மாதம் உள்ளே போன ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் விழுதல் எல்லாம் வரலாம். பொட்டலத்தோடு நாளைக்கே மருத்துவரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய, கிரியாட்டினினும் சிறுநீர் அல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறிந்த பிறகும் அந்த வியாபாரியை ‘கைராசிக்காரர்’ என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

அடுத்து, உங்களுக்கு இருப்பது ஒரு வலி அல்ல, இரண்டு. ஒரே காலில் இறங்குவது, இருமினால் தெறிப்பது, உட்கார்ந்தால் கூடுவது இடுப்பு நரம்பு அழுத்தம். இரண்டு பாதத்திலும் சமமாக எரிவது, வீட்டு வளவில் நடக்கும்போது தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி தெரியாமல் பஞ்சில் கால் வைத்தது போலிருப்பது சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு. ஜவ்வை வெட்டி எடுத்தாலும் பாத எரிச்சல் போகாது. ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறவர் இதை மட்டும் சொல்லமாட்டார். அவருக்குக் கிடைப்பது கமிஷன். அறுபது வயதில் ஸ்கேன் எடுத்தால் வலியே இல்லாதவர்களில் பலருக்கும் ஜவ்வு பிதுங்கித்தான் தெரியும். இவ்வகை வலி பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் ஆபரேஷன் இல்லாமலே அடங்குகிறது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, பாதம் மேலே தூக்க வராமல் தொங்கினாலோ அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, இதில் பலரும் ஏமாறுகிறார்கள். திடீரென்று ஒரு தொடையின் முன்பக்கத்தில் கடும் வலி, சில வாரங்களில் தொடைச் சதை வற்றுகிறது, உடல் எடை இறங்குகிறது, படி ஏறும்போது முழங்கால் மடங்குகிறது. இது சர்க்கரை நோயே தொடை நரம்பைத் தாக்கும் நிலை. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவருக்கும் வரும். ஜவ்வு என்று நினைத்து முதுகைத் திறந்துவிடுகிறார்கள். வலி அப்படியே நிற்கும். ஆறு மாதம், ஒரு வருடம் ஆனாலும் மெல்ல மெல்லத் தேறுவது இது. உங்கள் வலி பின்தொடை வழியாகப் போவதால் இது உங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் இரண்டு தொடைகளையும் டேப்பால் சுற்றி அளந்து குறித்து வையுங்கள். ஒன்று இளைத்துக்கொண்டே வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரைக்கு ஒரு சீட்டு, எலும்புக்கு ஒரு சீட்டு, நரம்புக்கு ஒரு சீட்டு என்று மூன்று வரிசையில் நிற்க வைக்கிறார்கள். மூன்றையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க ஒருவருக்கும் பொழுதில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்காமலே எரிச்சல் மாத்திரை எழுதுகிறார்கள். நீங்களாகவே காலை நீட்டி, “தொட்டுப் பாருங்கள்” என்று கேளுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிட்டவருக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை கொடுத்தால் தலை சுற்றலாம், காலும் வீங்கலாம். முகப்புப் படியில் பார்த்து இறங்குங்கள். 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். கேட்டால்தான் கிடைக்கும்.

வெந்நீர் ஒத்தடம் பாதத்துக்கு வேண்டவே வேண்டாம். கொப்புளம் வந்த பிறகுதான் சூடு தெரியும். குளிக்கும் நீரையும் முழங்கையால் தொட்டுப் பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள். செருப்பு காலிலிருந்து நழுவியது தெரியாமல் நாலு அடி போயிருக்கிறீர்களா? அப்படியென்றால் தினமும் இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.

பழனிக்கு இந்தத் தையில் நடக்காதீர்கள். குன்றக்குடியில் காவடி புறப்படுவதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் போங்கள். மலைக்கு விஞ்ச் இருக்கிறது. மேலே பிரகாரக் கல் சுடுவது உங்கள் பாதத்துக்குத் தெரியாது. விடியற்காலையில் தரிசனம் முடித்து, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள்.