மண்ணில்லாத் தொட்டியில் ஆர்க்கிட்: வேர் பற்றிய சில கேள்விகள்

கேள்வி: ஆர்க்கிட் வேர் எப்போதும் ஈரத்தில் இருந்தால் அழுகும் என்கிறார்கள். அப்புறம் தொட்டியின் அடியில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் இந்த முறை எப்படிச் சரிப்படும்?

பதில்: பெரும்பாலும் வேர் அழுகுவது காற்றுக் கிடைக்காமல் மூச்சு முட்டித்தான். ஆர்க்கிட்டை வழக்கமாக நடும் மரப்பட்டைத் துண்டுகள் மக்கி, தூளாகி, இடைவெளிகளை அடைத்துக்கொண்டால் அந்த நிலைமை வந்துவிடும். சூளையில் சுட்டு உப்பவைத்த களிமண் உருண்டைகள், அதாவது லேகா, மக்காது, அமுங்காது. உருண்டைகளுக்கு நடுவில் காற்று நிற்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உருண்டைக்கு உருண்டை தண்ணீர் மேலேறும். தொட்டியின் அடியில் துளை இருக்கக் கூடாது. பக்கவாட்டில், அடியிலிருந்து 2.5 முதல் 3 செ.மீ. உயரத்தில் இரண்டு துளை போடுங்கள். ஒன்றை வேர் அடைத்தாலும் மற்றதில் தண்ணீர் வடியும்.

கேள்வி: ஃபலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் செடியை மரப்பட்டையிலிருந்து லேகாவுக்கு மாற்றி மூன்று வாரம் ஆகிறது. வேர்கள் பழுப்பாகின்றன, இலை துவள்கிறது. திரும்பப் பழைய தொட்டிக்கே மாற்றிவிடவா?

பதில்: வேண்டாம். இன்னொரு முறை பிடுங்கினால் மிச்ச வேரும் நொந்துபோகும். எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வேர் எந்தச் சூழலில் வளர்ந்ததோ, அந்தச் சூழலுக்கு ஏற்றபடிதான் அதன் உள்ளமைப்பு இருக்கும். காய்ந்து நனையும் மரப்பட்டையில் முற்றிய வேர், இனிமேல் போய் எப்போதும் ஈரமான இடத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்ளாது. லேகாவுக்குள் புதிதாக முளைக்கும் வேர்தான் அங்கே நன்றாக வாழும். ஆகவே செடியை மாற்றும் நேரம்தான் முக்கியம். தண்டின் அடியில் பச்சை நுனியோடு புது வேர் ஓரிரு செ.மீ. எட்டிப் பார்க்கும்போது மாற்ற வேண்டும். என் முதல் டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டை அது வளராமல் ஓய்வில் இருந்தபோது மாற்றினேன். பழைய வேர் போனது, புது வேர் வரவில்லை, செடியையே இழந்தேன். இன்றும் அது மனதில் இருக்கிறது.

இப்போது உங்கள் செடிக்கு: வேரை விரலால் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் நிறம் எப்படியிருந்தாலும் விட்டுவிடுங்கள். தோல் வழுக்கிக் கழன்று உள்ளே நூல் மட்டும் நின்றால் வெட்டிவிடுங்கள். நேரடி வெயில் படாமல், காற்றில் ஈரப்பதம் உள்ள இடத்தில் வையுங்கள். செடி ஆடாதபடி ஒரு குச்சியில் கட்டுங்கள். ஆடினால் இளம் வேர் நுனி உருண்டையில் உரசிக் காயப்படும். புது வேர் வரும்வரை பொறுமை தேவை.

கேள்வி: உருண்டைகளின் மேல் வெள்ளையாகப் படிகிறதே, பூஞ்சையா?

பதில்: பெரும்பாலும் உப்பு. தண்ணீர் ஆவியாக, உரத்திலும் கடின நீரிலும் உள்ள உப்பு மேலே தங்கிவிடுகிறது. தண்ணீர் விடும்போது அடியில் மட்டும் நிரப்பாதீர்கள். மேலிருந்து தாராளமாக ஊற்றி, துளை வழியே ஓடவிடுங்கள். மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

கேள்வி: முன்பு போட்ட உரத்தையே போடலாமா?

பதில்: பொட்டலத்தில் தழைச்சத்து எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். யூரியாவைப் பெரும்பாலும் நுண்ணுயிர்கள் உடைத்துத் தந்தால்தான் வேர் முழுதாக எடுத்துக்கொள்ளும். லேகாவில் அவை குறைவு. நைட்ரேட் வடிவம் அதிகமுள்ளதை வாங்குங்கள். பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு போதும். மழைநீர் விடுபவர்கள் கால்சியமும் மக்னீசியமும் உள்ள உரமாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கண்ணாடித் தொட்டியில் பச்சைப் பாசி படர்கிறது.

பதில்: செடிக்குக் கெடுதல் இல்லை. கண்ணை உறுத்தினால், வெளிச்சம் புகாத இன்னொரு தொட்டிக்குள் இறக்கி வையுங்கள்.

கேள்வி: எல்லா ஆர்க்கிட்டுக்கும் இது ஒத்துவருமா?

பதில்: ஃபலனாப்சிஸ் நன்றாகப் பழகும். ஈரம் விரும்பும் ஃப்ராக்மிபீடியத்துக்கு இது கொண்டாட்டம். வேரைக் காற்றில் தொங்கவிட்டு வாழும் வாண்டாவை அதன் கூடையிலேயே விடுங்கள். கேட்டசீட்டம் போல இலை உதிர்த்து உறங்கும் வகை என்றால், அந்தக் காலம் முழுக்க அடித்தண்ணீரை வடித்துவிட வேண்டும். இன்னொன்று: ஈர உருண்டைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது வேர்ப்பகுதி அறையைவிடக் குளிர்ந்துவிடும். அறை 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும் மாதங்களில் ஃபலனாப்சிஸை இந்த முறைக்கு மாற்றாதீர்கள்.